குழந்தையைக் கையில் வாங்கியபோது எனக்குள் எதுவும் அசையவில்லை

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்), அதிகாலை 3.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தலைப்பிரசவம் முடிந்து இன்றோடு 24 நாட்கள் ஆகின்றன. பகலில் இதை எழுதும் துணிவு எனக்கு வராது என்பதால், பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 மணி நேரம் வலியில் கிடந்த பிறகு, குழந்தையின் நாடித்துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவசரமாக அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மறைப்புத் துணிக்கு அப்பால் அழுகுரல் கேட்டது. பிறகு துணியில் சுற்றிய ஒரு சின்ன முகத்தை என் கன்னத்தருகே கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்பது மாதமும் அந்த நொடியைத்தான் மனத்திற்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், 'அப்பாடா, முடிந்தது, இனி என்னைத் தூங்க விடுவார்கள்' என்பது மட்டுமே. கண் கலங்கவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. யாரோ ஒருவர் தம் குழந்தையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனதைப் போலத்தான் இருந்தது. இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

நேரத்திற்குப் பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், எதிலும் குறை வைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்கிறார்கள், பால் போதுகிறதா என்று கேட்கிறார்கள், யார் சாயல் என்று ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். அந்த அறையில் எனக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானே ஒருமுறை சொல்லத் தொடங்கியபோது, 'பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, அதை நினைத்துக்கொள்' என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

பெற்ற மனம் பித்து என்கிறார்கள். என் மனம் பித்தாகவில்லை. அப்படியானால் மற்ற தாய்மாரிடம் இருக்கும் ஏதோ ஒன்று என்னிடம் இல்லை என்றுதானே பொருள்?

இரண்டாம்சுற்று, காலை 6.15

இல்லை. எனக்கு மூத்தவன் பிறந்தபோது இதேதான் நடந்தது. ஏழாவது வாரம் என்று நினைவு. நகம் வெட்டும்போது அவன் விரல் நுனியில் லேசாகக் கீறிவிட்டேன். துளியளவு ரத்தம்தான் வந்தது, ஆனால் நான் அரை மணி நேரம் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்த பிறகுதான், இவன் எனக்கு எவ்வளவு வேண்டியவனாகிவிட்டான் என்பது எனக்கே தெரிந்தது. வந்த நாளைக் குறித்து வைக்க முடியாதபடி, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது அந்த அன்பு.

இரவுப்பணிச்செவிலி, காலை 8.40

தங்கைக்கு வணக்கம். மகப்பேறு வார்டில் 16 ஆண்டுகளாக, பெரும்பாலும் இரவுப் பணியில், வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை எத்தனையோ பெண்கள் விளக்கை அணைத்த பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இது வார்டு அனுபவம் மட்டுமன்று. பிரிட்டனில் ராப்சன், குமார் ஆகிய இருவர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர், குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது தமக்கு முதன்மையாகத் தோன்றியது ஈடுபாடின்மைதான் என்று சொன்னார்கள். முன்பே பிள்ளை பெற்றவர்களிலும் கால் பங்கினர் அப்படியே சொன்னார்கள். பெரும்பாலோருக்கு முதல் வாரத்திற்குள் பற்று வந்துவிட்டது. சிலருக்குக் கூடுதல் காலம் பிடித்தது. நீண்ட வலி, மயக்க மருந்து, இரத்த இழப்பு, உயிருக்கு என்னவாகுமோ என்ற திகில் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி வந்த உடம்பு முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து காரணமின்றி அழுகை வருவதும், சட்டென்று எரிச்சல் மூளுவதும் பெரும்பாலான தாய்மாருக்கு வரக்கூடியவை. கருப்பக் காலத்தில் பன்மடங்கு உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகள் நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களில் சரிந்துவிடுவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு அந்த இரண்டு வாரம் கடந்துவிட்டது. ஆகவே எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோல் என்ற வினாத்தாளை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி நிரப்பிப் பாருங்கள். 1987-இல் உருவாக்கப்பட்ட அதில் பத்தே கேள்விகள்தான் உள்ளன; கடந்த ஏழு நாட்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும். களைப்பாக இருக்கிறதா, பசிக்கிறதா என்பவற்றை அது கேட்பதில்லை, ஏனென்றால் கைக்குழந்தையை வைத்திருக்கும் எவருமே களைப்பாகத்தான் இருப்பார்கள். மாறாக, உங்களால் சிரிக்க முடிகிறதா, வரப்போகும் நாட்களை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா, தேவையில்லாமல் உங்களையே பழித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண்களில் 13-உம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாகப் பேசிப் பார்ப்பார். எண் மட்டுமே நோய் என்றாகிவிடாது. பத்தாவது கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மற்றவற்றின் கூட்டுத்தொகை என்னவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அப்படியே தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்திற்குப் பின் தைராய்டு தடுமாறினால் அது மனச்சோர்வைப் போலவே வேடம் போடும்.

நால்வரைப்பெற்றவள், காலை 11.05

யாரையும் புண்படுத்த எழுதவில்லை, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். நான் நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். எங்கள் காலத்தில் இப்படி உட்கார்ந்து, எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன தோன்றவில்லை என்று அளந்துகொண்டிருக்க நேரமே இருந்ததில்லை. பிள்ளை அழுதால் தூக்கினோம், பசித்தால் கொடுத்தோம். இப்போது எல்லாவற்றிற்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பெண், ஒரு மருந்து. பெயர் வைக்க வைக்க நோயும் கூடுகிறதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. இந்தப் பெண் தன் பிள்ளைக்கு வேளாவேளைக்குப் பால் கொடுப்பதாகத்தானே எழுதியிருக்கிறாள்? அதற்கு மேல் அன்பு என்பது வேறு என்ன?

ஓரத்துக்குறிப்பு, பிற்பகல் 2.30

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியை நான் முழுமையாக ஏற்கிறேன், அதற்கு முந்தைய ஐயத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. பேறுகால மனநலம் நேற்று முளைத்த பேச்சன்று. பிரான்சு நாட்டு மனநல மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வரும் மனநோய்களைப் பற்றி 1858-இலேயே ஒரு முழு நூலை எழுதினார். நோய் அப்போதும் இருந்தது. அதைச் சொல்ல வாய்தான் இருக்கவில்லை.

பெயரைப் பற்றிச் சொன்னீர்கள். நம் மொழியில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்களுக்கு ஏழு பெயர்கள் உள்ளன. அந்த ஏழும் வயதைக் கொண்டு பிரித்தவை. ஒருத்தி தாயாக மாறிக்கொண்டிருக்கும் இடைக்காலத்திற்கு அந்த வரிசையில் ஓர் இடம் இல்லை. நிறைய யோசித்த பிறகும் அதற்கு ஒரு நல்ல சொல் எனக்குக் கிட்டவில்லை. மானிடவியலாளர் டேனா ரஃபேல் 1970-களில் இதற்கு ஆங்கிலத்தில் 'மேட்ரசென்ஸ்' என்ற ஒரு சொல்லை உருவாக்கினார். விடலைப் பருவத்தைக் குறிக்கும் சொல்லின் வார்ப்பிலேயே அதை அமைத்தார். அந்த ஒப்புமை பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். பதின்ம வயதில் குரல் உடைகிறது, முகப்பரு வருகிறது, கண்ணாடியில் தெரிபவரை அடையாளம் தெரியவில்லை. அதைக் கண்டு வீட்டில் யாரும் 'உனக்கு என்ன குறை, நல்லபடியாகத்தானே வளர்ந்தாய்' என்று கேட்பதில்லை. தாய்மை அடைவதும் அப்படிப்பட்ட ஒரு நிலைமாற்றம்தான், ஆனால் அதை ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மூளையே மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. கருவுறும் முன்பும் பிரசவத்திற்குப் பின்பும் பெண்களின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2017-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளிவந்தது. பிறர் மனத்தை உணர உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் அளவு குறைந்திருந்ததையும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்த மாற்றம் நீடித்ததையும் அவர்கள் கண்டார்கள். குறைவு என்றதும் இழப்பு என்று பொருள்கொள்ள வேண்டாம். தேவையற்ற கிளைகளைக் கழித்துவிட்டுச் செடியைத் திருத்துவது போன்ற சீரமைப்பு என்றே ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள்.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்டு வினிகாட்டையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. நிறைமாதமும் பேறும் சூழ்ந்த சில வாரங்களில் தாயின் மனம் முழுக்கக் குழந்தையின் மேலேயே குவிந்துகிடப்பதைப் பற்றி அவர் 1956-இல் எழுதும்போது, குழந்தை என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த நிலையை நோய் என்றே சொல்லிவிடலாம் என்றார். நம் பழமொழி 'பித்து' என்று சொல்வதும் இதைத்தான். ஆனால் அவரே, எல்லாப் பெண்களுக்கும் அந்த நிலை வாய்ப்பதில்லை என்றும், ஒரு குழந்தைக்கு அந்த நிலை வந்து மற்றொன்றுக்கு வராமலும் போகலாம் என்றும் எழுதியிருக்கிறார். பழமொழிக்காரர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிட்டார்கள்.

மாடிப்படி, இரவு 11.20

இந்த இழையைப் பார்த்த பிறகுதான் எழுதத் தோன்றியது. எனக்குப் பிரச்சினை நேர்மாறானது. அன்பு வரவில்லை என்பதில்லை, பயம்தான் விடவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில் 14 படிகள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலிருந்து இறங்கும்போது, மூன்றாவது படியில் என் கை தானாகவே தளர்வது போலவும், அவள் உருண்டு விழுவது போலவும் ஒரு படம் கண்முன் ஓடும். பிறகு, கை தளரவில்லை, நானே விட்டுவிட்டேன் என்று அந்தப் படம் மாறியது. அதன் பிறகு நான் குழந்தையோடு படியில் இறங்குவதையே நிறுத்திவிட்டேன். அவளைக் குளிப்பாட்டும் வேலையையும் பிறரிடம் தள்ளிவிட்டேன். சோம்பேறி என்று நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று நடுங்குகிறேன். நான் ஆபத்தானவளா?

இரவுப்பணிச்செவிலி, நள்ளிரவு 12.10

சகோதரி, உடனே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இது காத்திருக்கக்கூடிய கேள்வியன்று. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இவை வலிய வந்து நுழையும் எண்ணங்கள். கனடாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் குழந்தை பெற்ற தாய்மார் அனைவருக்குமே குழந்தைக்கு ஏதேனும் விபத்து நேர்வது போன்ற எண்ணம் வந்திருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தாமே குழந்தையைக் காயப்படுத்துவது போன்ற எண்ணமும் விருப்பமின்றி வந்துபோயிருந்தது. அந்த எண்ணம் வரும்போது உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது, வெறுப்பாக இருக்கிறது, அதைத் தடுக்கப் படியையே தவிர்க்கிறீர்கள். காவல் நாய் இலை அசைந்தாலும் குரைப்பதைப் போல, காக்கும் மனம் அளவுக்கு மீறி விழித்திருப்பதன் அறிகுறி இது. ஆனாலும் அது உங்கள் நாளைச் சுருக்கிக்கொண்டே போவதால் சிகிச்சை தேவை. நல்ல பலன் தரும் பேச்சு வழிச் சிகிச்சைகள் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் இங்கே எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். 1,000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், கடுமையான மனப்பிறழ்வு வரும். தூக்கமே தேவைப்படாததைப் போல் இரவு பகலாக விழித்திருத்தல், மணிக்கு மணி மாறும் மனநிலை, குழப்பம், காதில் குரல் கேட்டல், குழந்தையைப் பற்றியோ குடும்பத்தாரைப் பற்றியோ விபரீதமான நம்பிக்கைகள் ஆகியவை அதன் அடையாளங்கள். மிகையான உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் முன்பே இருந்தவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. அந்த நிலையில் இருப்பவருக்குத் தம் எண்ணம் தவறாகவே தோன்றாது, உங்களைப் போல் நடுங்கிக் கேள்வி கேட்கவும் மாட்டார். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே, அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் முழுமையாகக் குணமாகும்.

நாளைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால், இங்கே எழுதியதையே அச்செடுத்து அவரிடம் நீட்டிவிடுங்கள்.

கதவுக்குவெளியே, காலை 7.00

இங்கே எழுதலாமா என்று மூன்று நாட்கள் தயங்கினேன். நான் தந்தை. என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த ஒன்றரை மணி நேரமும், கையொப்பமிட்ட தாளின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம் என்பதை அறிவேன்' என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து ஒரு செவிலியர் ஓடி வந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார். அந்தச் செருப்பொலி இப்போதும் காதில் கேட்கிறது. பிறகு எல்லாம் நலமாக முடிந்தது, எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

ஐந்தாவது மாதத்தில், அலுவலகம் விட்டு வந்து வண்டியை நிறுத்திய பிறகும் வீட்டுக்குள் போக மனமின்றி இருபது நிமிடம், அரை மணி என்று வண்டியிலேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கினேன். சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் சினம் வந்தது. வலி முழுவதையும் பட்டவள் அவள்; இதில் எனக்கென்ன மனச்சோர்வு என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டேன்.

ஓரத்துக்குறிப்பு, காலை 9.25

ஐயா, எழுதியது நல்லதாயிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு கட்டுரை, மனைவி கருவுற்ற காலம் தொடங்கிக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 10 சதவீதத் தந்தையருக்கு மனச்சோர்வு இருப்பதைக் கண்டது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போதுதான் அது உச்சத்தில் இருந்தது. வந்துபோகும் உறவினர் எல்லோரும் போய்விட்டு, வீடு வெறிச்சோடும் காலமும் அதுதான். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் சினமாகவும், விலகலாகவும், வேலையிலேயே மூழ்கிப்போவதாகவும் வருவதால் வீட்டில் இருப்பவர்களும் அடையாளம் காண்பதில்லை.

துணைநிற்பவள், முற்பகல் 11.40

பேறுகாலத் துணையாக வேலை செய்கிறேன். டூலா என்று சொன்னால் சிலருக்குப் புரியும். மருத்துவம் செய்யும் தகுதி எனக்கில்லை, நான் செய்வதும் இல்லை. வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை அந்தப் பெண்ணை விட்டு நகராமல் இருப்பதுதான் என் வேலை.

நகராமல் இருப்பதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்காக: குவாத்தமாலாவில் நடந்து 1980-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முன்பின் அறியாத ஒரு பெண் அருகில் அமர்ந்து முதுகைத் தடவிக் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த தாய்மாருக்குச் சராசரியாக 9 மணி நேரத்திற்குள் பிரசவமானது. தனியே விடப்பட்டவர்களுக்கு 19 மணி நேரத்திற்கு மேல் ஆனது. ஒரு சிறிய ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். ஆனால் 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும் 2017-இல் அதே திசையைத்தான் காட்டியது. தொடர்ந்து துணை இருந்தால் வலிக்காலம் குறைகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, பிரசவத்தைப் பற்றிப் பின்னர் கசப்பாக நினைப்பவர்களும் குறைகிறார்கள். தான் விரும்பும் ஒருவரைப் பெண் தன்னுடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவ்வளவு மலிவான இன்னொரு மருந்து இருந்திருந்தால் இந்நேரம் எல்லா வார்டிலும் வைத்திருப்பார்கள்.

இழையைத் தொடங்கிய தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரசவம் மருத்துவ ஏட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதற்கும் அது உங்கள் நினைவில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. பிரசவ அனுபவத்தால் மனவடு ஏற்பட்டு, கெட்ட கனவும், திடுக்கிடலும், அந்த இடத்தை நினைத்தாலே விலகி ஓடுவதுமாகத் துன்பப்படுபவர்கள் 100 தாய்மாரில் 4 பேர் வரை இருக்கிறார்கள். நான் கண்ட வரையில், கத்தியோ இரத்தமோ அல்ல, 'என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை' என்பதுதான் அவர்கள் மறுபடி மறுபடி சொல்வது. எனவே உங்கள் மருத்துவமனையில், பிரசவக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கு எந்த மணிக்கு என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று விளக்கும்படி கேளுங்கள். உங்களுக்கே கேட்கத் தோன்றும் நாளில் கேட்டால் போதும், பிறர் வற்புறுத்தலுக்காகக் கேட்க வேண்டாம்.

அரைத்தூக்கம், மாலை 5.15

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாட்களாக ஒவ்வொரு பதிவையும் நான்கைந்து முறை படித்துவிட்டேன். செவிலி அக்கா சொன்ன வினாத்தாளை மருத்துவரிடம் வாங்கி நிரப்பினேன். 17 வந்தது. பத்தாவது கேள்விக்கு 'இல்லை' என்றே எழுதினேன், உண்மையும் அதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். மருந்து கொடுத்தால் பாலை நிறுத்த வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உதவி வேண்டுமா என்று கேட்பவர்களிடம் 'வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன்' என்றே என் வாய் சொல்கிறது. என்ன கேட்பதென்று எனக்கே தெரியவில்லை.

இரவுப்பணிச்செவிலி, மாலை 6.50

பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்றவை என்று நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மனச்சோர்வு மருந்துகள் உண்டு. செர்ட்ரலின் அவற்றுள் ஒன்று. மருந்து தேவையா, பேச்சுச் சிகிச்சை மட்டும் போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பால் கொடுப்பதை முதல் வரியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உதவி கேட்பது பற்றி: 'ஏதாவது உதவி வேண்டுமா' என்பது கேட்பவருக்கு எளிய கேள்வி, பதில் சொல்பவருக்குக் கடினமான தேர்வு. அதற்கு விடை சொல்லும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். இரவு 9 மணி முதல் 2 மணி வரை குழந்தை அழுதால் யார் எழுவது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். இடைவெளி இல்லாத நான்கைந்து மணி நேரத் தூக்கம் செய்யும் வேலையை என்னால் எந்த அறிவுரையாலும் செய்ய முடியாது. பாலைப் பிழிந்து வைத்துவிட்டு, காதுக்கு எட்டாத அறையில் படுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழும், பிறகு அழுகையை நிறுத்தும். நீங்கள் இல்லாமலும் நிறுத்தும் என்பதை உங்கள் உடம்பு ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டும்.

ஓரத்துக்குறிப்பு, இரவு 8.30

வந்து பேசுகிறவர் மனநல நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானில் நடந்து 2008-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், பள்ளிப்படிப்பு மட்டுமே முடித்த சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கருவுற்ற பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தொடர்ந்து போய்ப் பேசிய பெண்களில், பிரசவமாகி ஆறு மாதம் கழித்து 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதமாக இருந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனமே அந்த முறையை ஒரு கையேடாக வெளியிட்டது. அங்கே வேலை செய்தது, ஒரே ஆள், சொன்ன நாளில், மறுபடியும் வந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

நால்வரைப்பெற்றவள், இரவு 10.45

மூன்று நாட்களாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடுகிறேன். மாடிப்படியைப் பற்றி எழுதிய பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எனக்கு மூன்றாவது பிறந்த சமயம், எங்கள் வீட்டுக் கிணற்றுப் பக்கம் நான் இரண்டு மாதம் போகவில்லை. தண்ணீர் இறைக்க ஏன் போகவில்லை என்று கேட்டபோதெல்லாம் இடுப்பு வலி என்று சொன்னேன். இடுப்பு வலி இருக்கவில்லை. 41 ஆண்டுகளாகிவிட்டன, பிள்ளைகளின் தந்தையிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எல்லாவற்றிற்கும் பெயர் வைக்கிறார்கள் என்று எழுதினேன். அந்தக் கருத்திலிருந்து முழுவதுமாக விலகவில்லை. ஆனால் அப்போது இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், நான் அந்த இரண்டு மாதமும் என்னை அரக்கி என்று நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மாடிப்படி, இரவு 11.30

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நேற்று மருத்துவரைப் பார்த்தேன். அச்செடுத்த தாளைத்தான் நீட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டு, 'எத்தனை படிகள்?' என்று கேட்டார். குழந்தையைப் பிரிப்பது பற்றிப் பேச்சே எழவில்லை. இந்த வாரம் குழந்தையோடு மேலிருந்து இரண்டு படி இறங்கி, அங்கேயே உட்கார்ந்து, பயம் தணியும் வரை இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம்.

அரைத்தூக்கம், ஏழு வாரங்களுக்குப் பிறகு, காலை 10.20

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பலர் தனிமடலில் கேட்பதால் எழுதுகிறேன். மருந்து எடுத்துக்கொள்கிறேன், பாலும் கொடுக்கிறேன். வாரம் ஒருமுறை பேச்சுச் சிகிச்சைக்குப் போகிறேன். சென்ற வாரம் மறுபடி வினாத்தாளை நிரப்பியபோது 9 வந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது. இரத்தசோகை இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மருத்துவமனைக்குப் போய்க் குறிப்பேட்டை விளக்கச் சொன்னேன். நான் நினைவில் வைத்திருந்த வரிசையே தவறு என்று தெரிந்தது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார், இரண்டு முறையும் நான் வலியின் உச்சத்தில் இருந்திருக்கிறேன். 'இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம், மன்னியுங்கள்' என்றார் அவர். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், ஆனால் அது வேறு மாதிரியான அழுகை.

குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெரிய அலையாக எதுவும் வரவில்லை. முந்தாநாள் இரவு 2 மணிக்கு என் முறை வந்து எழுந்து போனபோது, இருட்டிலேயே என் காலடிச் சத்தம் கேட்டு அவன் அழுகையைப் பாதியில் நிறுத்தினான். நான் இன்னும் அவனைத் தொட்டிருக்கவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு அவனைத் தூங்க வைத்துவிட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

'கதவுக்குவெளியே' என்ற பெயரில் எழுதிய ஐயாவின் பதிவை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டார். மறுநாள் காலையில், அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே தனக்கு என்ன நேர்ந்தது என்று நானும் கேட்கவில்லையே என்றார். அது உண்மைதான். அவரும் ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை காலை 9 மணிக்கு. அன்றைக்குக் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.